சாளைக்குத் துப்பாக்கி: ஒரு மறுப்பு

"பன்னெண்டு போரா, ரிவால்வரா, எது நல்லதுங்க?"

மஸ்கட்டில், ரூவி ஹை ஸ்ட்ரீட்டில், ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசையில் நின்றுகொண்டு ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார். கேட்டவர் காங்கேயம் பக்கம், பதில் சொன்னவர் வெள்ளகோவில். இருவருக்கும் ஊரில் தோட்டம் உண்டு, தோட்டத்தில் சாளை என்னும் தோட்டத்து வீடு உண்டு, சாளையில் எழுபது தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும் உண்டு. எனக்கும் அப்படித்தான்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 ஏப்ரல் கடைசியில், சிவகிரி அருகே விளக்கேத்தியில் தனியாக இருந்த வயதான தம்பதி. அவர்கள் இறந்துகிடந்தது மே 1 அன்றுதான் வெளியே தெரிந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் ரூவியில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

அதன் பிறகு துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே இங்கே இல்லாமல் போய்விட்டது. வேண்டும் என்பது முடிவாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு, எதை வாங்குவது, எவ்வளவு ஆகும், கலெக்டர் ஆபீஸில் யாரைப் பிடித்தால் ஃபைல் நகரும் என்று அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். அந்த முதல் படியைத்தான் நான் மறுக்கிறேன்.

அவர்கள் தரப்பு லேசானதல்ல. அதைக் குறைத்துச் சொல்லிவிட்டு அடிப்பது நேர்மையாகாது. அவர்கள் சொல்வது இது: காவல் நிலையம் பத்துக் கிலோமீட்டரில், கொள்ளையன் வாசலில். பக்கத்துச் சாளை அரைக் கிலோமீட்டர், கத்தினால் கேட்காது. போலீஸ் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தற்காப்புக்கு உரிமம் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, கொள்ளையனையோ இருட்டில் வீட்டை உடைத்து நுழைபவனையோ எதிர்க்கும்போது அவன் உயிர் போனாலும் அதைத் தற்காப்பு என்றே ஏற்கிறது. பக்கத்துக் குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது. நாம் பிழைக்க வந்திருக்கும் ஓமானிலும் உள்ளூர்க்காரர்களிடம் இருக்கிறது. கொங்குப் பகுதி விவசாயிகளே உரிமம் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். பிறகு நம் அப்பன் கையில் மட்டும் தடிக்கம்பு எதற்கு?

இதில் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அச்சம் உண்மை. அந்த முதியவர்களைக் காக்க அரசு தவறியது உண்மை. தற்காப்பு உரிமையும் உண்மை. மதுரையில் 2012-இல், மகளைக் காப்பாற்றக் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை அன்றைய எஸ்.பி. அஸ்ரா கார்க் தற்காப்பு என்று ஏற்று விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரம் பக்கம் தன்னைத் தாக்கியவனைக் கொன்ற இளம்பெண்ணையும் திருவள்ளூர் மாவட்டப் போலீஸ் அதே காரணத்தைச் சொல்லி விடுவித்தது. உரிமையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த உரிமைக்குக் கருவியாக ஒரு துப்பாக்கியை நம் சாளைக்குள் கொண்டுபோய் வைப்பதைத்தான் மறுக்கிறேன். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சுடப்போவது யார்?

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவன் அதைச் சுடப்போகிறவன் இல்லை. ரூவியில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பவனுக்கு நாற்பத்தைந்து வயது. அவன் தன் கையையும் தன் கண்ணையும் வைத்துக் கணக்குப் போடுகிறான். சுட வேண்டியவருக்கு எழுபத்து நான்கு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றை அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. ராத்திரி மூன்று தரம் எழுந்திருக்கிறார், ஒவ்வொரு தரமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

உரிமம் ஆளுக்குத்தான் கிடைக்கும், வீட்டுக்குக் கிடைக்காது. மகன் தன் பெயரில் வாங்கி அப்பாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. அப்படிச் செய்தால் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றம் அப்பா மேல் விழும். ஆகவே அப்பா பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உடல்நிலைக்கும் மனநிலைக்கும் மருத்துவச் சான்று கேட்கின்றன, பயிற்சிச் சான்றும் கேட்கின்றன. அதே விதிகளில் இன்னோர் ஏற்பாடு இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவர் 70 வயதை எட்டினால், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே அதை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். எழுபது என்பது துப்பாக்கியை இறக்கிவைக்கத் தகுந்த வயது என்று விதியை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நாம் எழுபது தாண்டியவர் கையில் முதல் துப்பாக்கியைக் கொடுக்கப் பார்க்கிறோம்.

"எங்கப்பன் அந்தக் காலத்துல முயல் வேட்டைக்குப் போனவருங்க" என்று ஒருவர் சொன்னார். போயிருப்பார். அது ஐம்பது வருஷத்துக்கு முன்னால். முயல் திருப்பித் தாக்கியிருக்காது.

2. அந்த நேரத்தில் அது எங்கே இருக்கும்?

இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி பீரோவில் பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால், நாய் குரைத்த பிறகு சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, குழலை மடித்து, தோட்டாவைப் போட்டு, நிமிர வேண்டும். விதியை மீறித் தோட்டாவோடு தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும், பேரப்பிள்ளைகள் வரும் மே மாதமும் சேர்த்து, அது தோட்டாவோடு கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி இல்லை.

தாக்குதல் எப்படி நடக்கும் என்று நாம் நினைத்திருப்பதே தப்பு. நம் மனத்தில் ஓடும் காட்சியில் கொள்ளையன் கதவைத் தட்டுகிறான், அப்பா உள்ளே விழித்துக்கொண்டு நிற்கிறார். 2019 ஆகஸ்டில் தென்காசிப் பக்கம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். பெரியவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகமூடி போட்டவன் பின்னாலிருந்து வந்து கழுத்தைத் துணியால் இறுக்குகிறான். துப்பாக்கி பீரோவில் இருந்திருந்தாலும், மடியிலேயே இருந்திருந்தாலும், அவர் கை கழுத்துக்குத்தான் போயிருக்கும். அவரைக் காப்பாற்றியது உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவி. கையில் அகப்பட்ட செருப்பை எறிந்தார், பிளாஸ்டிக் நாற்காலியை எறிந்தார், பெரியவரும் விடுபட்டு எழுந்து நாற்காலியைத் தூக்கினார், அரிவாளோடு வந்த இருவரும் ஓடினார்கள். அந்த வருஷம் சுதந்திர தினத்தில் அரசு அவர்களுக்கு வீரதீர விருது கொடுத்தது.

நாற்காலி போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. அடுத்த வீட்டில் அதே நாற்காலி பலிக்காமல் போகலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாற்காலி கொள்ளையன் கைக்குப் போயிருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. துப்பாக்கி போயிருந்தால்?

3. சரி, எந்தத் துப்பாக்கி?

கேள்வியை அவர்கள் வழியிலேயே எடுத்துக்கொள்கிறேன். ரூவியில் மூன்று கட்சி இருக்கிறது.

முதல் கட்சி இரட்டைக்குழல் பன்னெண்டு போர். இதற்கு உரிமம் கிடைப்பதும் மற்றதை விட எளிது. "ரவை பரவிப் போகும், குறி பார்க்கவே வேண்டாம்" என்பார்கள். இது திறந்த வெளியில் முப்பது நாற்பது கஜத்தில் பறவை சுடுபவன் பேச்சு. ரவை ஒரு கஜத்துக்குச் சுமார் ஓர் அங்குலம்தான் விரியும். சாளைக்குள் பத்தடி தூரத்தில் அது உள்ளங்கை அகலம்கூட வராது. குறி தப்பினால் மொத்தமும் தப்பும். துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ நாலடி. நடைக்கும் ஆசாரத்துக்கும் நடுவே இருட்டில் அதைத் திருப்ப இடம் வேண்டும். வந்தவன் குழலைத் தள்ளிப் பிடித்தால் தீர்ந்தது. பிறகு உதை. இளந்தாரியின் தோளையே அது தள்ளும். இரண்டு தோட்டா போனபின் மறுபடி மடித்து நிரப்ப வேண்டும். வருபவன் ஒருத்தன் இல்லை.

இரண்டாம் கட்சி .32 ரிவால்வர். கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற ஒன்றை வெளியிட்டது. அரைக் கிலோ எடை, அப்போதே விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். கைக்கு அடக்கம் என்பது உண்மைதான். ஆனால் குட்டையான குழல், இழுக்கக் கனமான விசை, நடுங்கும் கை. கைத்துப்பாக்கியைப் போல் குறி தவறச் சுலபமான ஆயுதம் வேறில்லை. நியூயார்க் போலீஸைப் பற்றி ரேண்ட் நிறுவனம் 2008-இல் கொடுத்த ஆய்வு, எதிராளியும் சுடும் மோதல்களில் அவர்கள் சுட்டதில் சுமார் 18 விழுக்காடே பட்டது என்றது. மாதச் சம்பளத்துக்குப் பயிற்சி எடுத்துச் சுடுகிறவர்களின் கணக்கு இது. கண்புரை உள்ள விவசாயிக்கு எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் கட்சி ஏர்கன். .177-க்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் என்றால் உரிமமே வேண்டாம் என்பதால் பலருக்கு இதில் கண். அணில் விரட்டலாம். அரிவாளோடு வருபவனிடம் அதை நீட்டினால், இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டி அவனை முந்தி வெட்டவைப்பதுதான் நடக்கும்.

ஆக, எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு அந்த வீட்டைப் பொறுத்தவரை விடை கிடையாது.

4. ராத்திரி மூன்று மணிக்கு வருவது யார்?

நாம்தான். சொல்லாமல் போய் நிற்பதில் நமக்கெல்லாம் ஓர் ஆசை. மஸ்கட்டில் மாலை விமானம் ஏறி, கொச்சியில் இறங்கி, டாக்ஸி பிடித்து, விடிவதற்குள் தோட்டத்துத் தடத்தில் பெட்டியோடு நடந்து போவோம். நாய் குரைக்கும். உள்ளே விளக்கு எரியாது. "யாரது?" என்ற குரலுக்கு நாம் பதில் சொல்வதற்குள், செய்தித்தாளில் படித்த கொலைகளால் ஆறு மாதமாக அரைத் தூக்கம் தூங்கும் ஒரு மனிதர் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும்?

கற்பனை என்று தள்ள வேண்டாம். 1992 அக்டோபரில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஒரு விருந்துக்குப் போகும்போது வீடு தவறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் திருடனென்று நினைத்துச் சுட்டார். பையன் செத்துப்போனான். வீட்டுக்காரரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாம் நம் அப்பாவைப் பயமுறுத்தி வைத்துவிட்டு அவர் கையில் துப்பாக்கியையும் கொடுக்கப் பார்க்கிறோம்.

நாம் மட்டுமா வருகிறோம்? தண்ணி பாய்ச்ச வரும் பங்காளி, தப்பிப்போன எருமையைத் தேடும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், காய்ச்சல் மாத்திரை கேட்டு வரும் ஆளுக்காரர் வீட்டுப் பெண். இருட்டில் தோட்டத்துக்கு வந்துபோன ஆயிரம் பேரில் கொள்ளையன் ஒருவன்கூட இருந்திருக்க மாட்டான்.

5. "துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சாலே வரமாட்டான்"

தெரிய வேண்டுமா, தெரியக்கூடாதா? தெரியாவிட்டால் அவனுக்குப் பயம் வராது. தெரிந்தால், வேவு பார்த்து வரும் கூட்டம் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பெரியவர் சந்தைக்குப் போகும் நாளில் வரும். அல்லது முதல் அடியையே பெரியவர் தலையில் போடும். நகைக்காக வருகிறவனுக்கு உரிமத் துப்பாக்கியும் நல்ல சரக்குதான்.

இந்த இடத்தில் அமெரிக்கப் புள்ளிவிவரம் வரும். ஆண்டுக்கு சுமார் 25 லட்சம் முறை துப்பாக்கி தற்காப்புக்குப் பயன்படுகிறது என்று ஆய்வாளர் கேரி கிளெக் 1995-இல் கணக்கிட்டார். தொலைபேசியில் சில ஆயிரம் பேரைக் கேட்டு, "ஆமாம்" என்ற சிலரை நாட்டின் மக்கள்தொகையால் பெருக்கி வந்த எண் அது. அந்த நாட்டு அரசே நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பின் 2007 முதல் 2011 வரையான விவரத்தை ஹெமன்வே, சோல்னிக் என்ற ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஆளோடு ஆள் நேரடியாக மோதிய குற்றங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் பாதிக்கப்பட்டவர் துப்பாக்கியைப் பயன்படுத்தியிருந்தார். வீட்டுக்கு வீடு துப்பாக்கி நிறைந்த நாட்டின் நிலை இது.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதியையும் யாரும் நினைப்பதில்லை. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் மாவட்டங்களில் வழக்கம். விலக்குக் கேட்டு மனுப் போடலாம். வயதானவர் அதற்கும் அலைய வேண்டும். 2021-இல் பிப்ரவரி 26 முதல் மே 2 வரை தேர்தல் காலம். 2024-இல் மார்ச் 16 அன்று அறிவித்து ஜூன் 4 அன்று எண்ணினார்கள். விளக்கேத்திக் கொலை நடந்தது ஓர் ஏப்ரல் கடைசியில். அது 2024 ஏப்ரலாக இருந்திருந்தால், அந்த வீட்டில் உரிமத்தோடு ஒரு துப்பாக்கி இருந்திருந்தாலும், அன்றைக்கு அது ஸ்டேஷனில் சீட்டுக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

6. அந்த வீட்டில் துப்பாக்கியால் சாகப்போவது யார்?

என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். மேலே சொன்ன ஐந்தையும் நீங்கள் தள்ளிவிடலாம், இதைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆய்வாளர் டேவிட் ஸ்டடர்ட் குழுவினர் கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2020-இல் வெளியிட்ட முடிவு: கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டது, இல்லாத ஆண்களைப் போல் எட்டு மடங்கு. 2022-இல் வெளியிட்டது: தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலையாவது இரண்டு மடங்குக்கும் மேல். வெளியாளால் சாவது குறையவில்லை. வாழ்க்கைத் துணையால் சுடப்பட்டுச் சாவது பல மடங்கு கூடியது, செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் ஆண்டுதோறும் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

அது அமெரிக்கா என்பீர்கள். தமிழ்நாட்டின் தற்கொலை விகிதம் இந்தியச் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. நம் தோட்டங்களில் பூச்சிமருந்து டப்பா என்ன செய்திருக்கிறது என்பதைக் கொங்கு நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் அறியும். மருந்தைக் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ ஓடி, பிழைக்க வைத்த கதைகள் நம்மிடம் இருக்கின்றன. அந்த ஓட்டத்துக்கு அவகாசம் இருந்தது. மனம் ஒரு மணி நேரம் இருண்டு, பிறகு தெளியும் என்பதை அப்படிப் பிழைத்தவர்கள் சொல்வார்கள். துப்பாக்கி அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காது.

நம் அப்பா யார் என்று யோசியுங்கள். ஒரு மகன் ரூவியில், ஒரு மகள் சிங்கப்பூரில். கிணறு வறண்ட வருஷம், தென்னை வாடிய வருஷம், மனைவி போய்ச்சேர்ந்து ஒற்றையாய் நிற்கும் வருஷம். நம்மிடம் போனில் "நல்லாருக்கேன் சாமி" என்று மட்டுமே சொல்லும் மனிதர். கொள்ளையன் அந்தச் சாளைக்கு வராமலே போகலாம். தனிமை ஒவ்வொரு ராத்திரியும் வருகிறது. இந்த இரண்டில் எதை மனத்தில் வைத்து நாம் ஆயுதம் வாங்குகிறோம்?

வரப்புத் தகராறும் பங்குப் பிரிவினையும் அதே வீட்டில்தான் நடக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

7. குடகும் ஓமானும்

குடகைக் காட்டுவோர் அங்கே துப்பாக்கி எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. தலைமுறைகளாக வேட்டையும் படைச் சேவையும் பழகி, வருஷம் ஒரு நாள் ஆயுதத்தை வைத்துக் கும்பிட்டு, சின்ன வயதிலிருந்து அதைக் கையாளக் கற்ற சமூகத்தின் வழக்கம் அது. அதிலிருந்து துப்பாக்கியை மட்டும் உருவி எடுத்துவந்து காங்கேயத்தில் வைத்தால் குடகு வந்துவிடாது.

ஓமானைப் பற்றி நாம் சொல்வது இன்னும் தப்பு. நிஸ்வா சந்தையில் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டி விலை பேசும் பெரியவர்களைப் பார்த்துவிட்டு, இந்த நாட்டு அமைதிக்கு அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். ரூவியில், தார்செய்த்தில், ஹம்ரியாவில் குடியிருக்கும் நாம் எல்லோரும் வெளிநாட்டார். ஒருவரிடமும் துப்பாக்கி கிடையாது. நள்ளிரவில் ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வாசலில் நம் வீட்டுப் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். ஆயுதமே இல்லாத மக்கள் இவ்வளவு நிம்மதியாக இருப்பது எதனால் என்றல்லவா கேட்க வேண்டும்? யார் எங்கே தங்குகிறார் என்று அரசுக்குத் தெரிகிறது, கூப்பிட்டால் போலீஸ் வருகிறது, தெருவில் விளக்கு எரிகிறது, பக்கத்து ஃபிளாட்டில் ஆள் இருக்கிறது.

துப்பாக்கிச் சத்தம் இங்கேயும் கேட்டது. 2024 ஜூலை 15 இரவு, ரூவிக்குப் பக்கத்து வாதி கபீரில், ஆஷுராவுக்காக இமாம் அலி மசூதியில் கூடியிருந்தவர்கள் மேல் மூன்று பேர் சுட்டார்கள். நான்கு பாகிஸ்தானியர், ஓர் இந்தியர், ஒரு காவலர் இறந்தார்கள். சுட்ட மூவரும் சகோதரர்கள், இந்த நாட்டுக்காரர்களே. போலீஸ் அவர்களைச் சுட்டு வீழ்த்தி முடித்தது. மறுநாள் நம் ஆட்கள் சிலர் "நம்ம கையிலயும் ஒண்ணு இருந்திருந்தா" என்றார்கள். அந்த இருட்டில், கலைந்து ஓடும் கூட்டத்தில், இன்னும் பத்துப் பேர் துப்பாக்கியோடு நின்றிருந்தால் யார் யாரைச் சுட்டிருப்பார், வந்த போலீஸுக்கு யார் கொலைகாரன் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

8. சுட்ட பிறகு?

சுருக்கமாகச் சொல்கிறேன். 41-ஆம் பிரிவை மேற்கோள் காட்டுவோர் 37-ஐயும் படிக்க வேண்டும்: தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகக் கேடு செய்யக்கூடாது. ஓடுகிறவன் முதுகில் பட்டால் கதை மாறும். தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது. துப்பாக்கியைச் சான்றாக எடுத்துக்கொண்டு போவார்கள், வழக்கு வாய்தா வாய்தாவாக நீளும். எழுபத்து நான்கு வயதில் அவர் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். நாம் வருஷத்துக்கு முப்பது நாள் லீவில் வந்து வக்கீலைப் பார்ப்போம்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. விளக்கேத்தியில் மிகக் கொடியது எனக்கு எது என்றால், அந்தத் தம்பதி இறந்து சில நாள் வரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. கத்தினால் வர ஆளில்லை என்பது மட்டுமல்ல, கத்தாமல் போனாலும் என்னவென்று பார்க்க ஆளில்லை. எந்தத் துப்பாக்கியும் இதைச் சரி செய்யாது.

கொள்ளையன் எதற்கு வருகிறான்? நகைக்கு. நகையை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்? ஹை ஸ்ட்ரீட் கடையில் வளையலும் சங்கிலியும் வாங்கி, ஒவ்வொரு லீவுக்கும் அம்மா கழுத்திலும் பீரோவிலும் சேர்த்தவர்கள் நாம். இந்த லீவில் முதல் வேலையாக அதை எடுத்துப் பேங்க் லாக்கரில் வையுங்கள். வீட்டில் ஒன்றுமில்லை என்பது ஊருக்கு வெளிப்படையாகத் தெரியட்டும். துப்பாக்கியைப் போல் இதை மறைக்கத் தேவையில்லை. எவ்வளவு பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

ரிவால்வருக்கு ஆகும் லட்சத்துச் சொச்சத்தில், ஒரு குடும்பத்தைச் சாளை ஓரத்தில் குடிவைத்து சில மாதம் சம்பளம் கொடுக்கலாம். முன்பு அப்படித்தான் இருந்தது. தோட்டம் என்றால் ஒற்றை வீடு கிடையாது. அது முடியாதென்றால் அப்பாவையும் அம்மாவையும் ராத்திரித் தூக்கத்துக்கு மட்டுமாவது ஊருக்குள் ஒரு வீட்டுக்கு மாற்றுங்கள். "தோட்டத்தை விட்டு வரமாட்டேன்" என்பார்கள். பகலெல்லாம் அங்கேயே இருக்கட்டும். கேமரா மாட்டுகிறவர்கள் ரூவியில் உட்கார்ந்து போனில் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அதே படம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் போனிலும் ஓட வேண்டும். நம்மால் பார்க்கத்தான் முடியும், ஓடிப்போக அவனால்தான் முடியும். 112-ஐ அம்மாவின் போனில் ஒரே பொத்தானில் வையுங்கள், காவல் துறையின் அவசர உதவிச் செயலியை ஏற்றி ஒரு தரம் அழுத்திக் காட்டுங்கள். உங்கள் ஸ்டேஷன் ரோந்துப் பட்டியலில் சாளை இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் பத்துத் தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். உரிமம் கேட்டு எழுப்பும் குரலை இதற்கு எழுப்புங்கள். அரசு கொடுக்க வேண்டியது காவல்.

வரிசையில் நின்ற காங்கேயத்துக்காரரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அவர் முறை வந்துவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தவரிடம், அவர் அப்பாவுக்குத் தினமும் எத்தனை மணிக்குப் பேசுவார் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்றார். நான் என் போனை எடுத்துக் காட்டினேன். இங்கே ஏழரை, ஊரில் ஒன்பது. தினமும் அந்த நேரத்துக்கு அலாரம். அப்பா எடுக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி. அப்போதும் எடுக்காவிட்டால் அடுத்த எண் கிழக்குத் தோட்டத்து மாமன், அதற்கடுத்து பால் சொசைட்டித் தம்பி, அதற்கடுத்து ஸ்டேஷன். போன மாதம் ஒரு நாள் இரண்டு தரமும் எடுக்கவில்லை. மாமன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கட்டுத்தரையில் கன்றுக்குட்டியோடு நின்றிருந்தார். மாமன் புறப்பட்டுப் போய்ச் சேர ஆறு நிமிஷம் ஆயிற்று.

"அந்த மாமன் மாதிரி எங்க தோட்டத்துப் பக்கம் யாரு இருக்கா?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார்.